கோழிப் பந்தியில் வஞ்சனை

வில்லாபுரம், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய பேராசிரியர் சபிஹா அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு,

தங்களிடம் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் காவ்யஸ்ரீயின் தகப்பன் நாகசுப்பிரமணியன் பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி அலர்மேல்மங்கை, மகள் காவ்யா, மொட்டைமாடியில் கோழிகள் முப்பத்தொன்பது ஆகிய எல்லோரும் சௌக்கியம். நாற்பதாவது கோழியைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அவ்விடம் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், ஆய்வகத்துக் குளிர்பெட்டிகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். தங்கள் கையெழுத்தை மகளின் படிவங்களில் பார்த்திருக்கிறேனே தவிர நேரில் பேசிப் பழக்கமில்லை. முதன்முதலாக எழுதும் கடிதமே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதமாக அமைந்துவிட்டது. மன்னிக்கவும்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற புதன்கிழமை தாங்கள் கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து எண்களைப் பார்க்கப்போவதாகக் காவ்யா சொன்னாள். காலில் நீல வளையம் போட்ட கோழிகளுக்கும் மஞ்சள் வளையம் போட்ட கோழிகளுக்கும் எண்கள் ஒன்றுபோல வந்தால் அதற்கு என் மகள் காரணமில்லை. தீவனத்தில் கலந்த ஸ்போரும் காரணமில்லை. நான்தான் காரணம். இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் என் பக்கமும் கொஞ்சம் விளங்கும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பீமாராவ் சமையல் குழுவில் முப்பத்தொரு வருடம் பந்தி விசாரணை பார்த்தவன். அடுப்புப் பக்கம் போனதில்லை. பந்தி ஓரமாக நின்று எந்த இலையில் என்ன இல்லை என்று பார்ப்பதுதான் வேலை. இருநூறு இலை போட்டிருந்தாலும் நூற்று நாற்பதாவது இலையில் இஞ்சித் துவையல் விழவில்லை என்பது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்துவிடும். பாயசம் குறைந்தால் கரண்டியைச் சின்னதாக்குவேனே தவிர ஒரு இலையைத் தாண்டிப் போகமாட்டேன். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாமல் விட்டால் அதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட ஜனங்கள் மறந்துவிடுவார்கள், இதை மறக்கமாட்டார்கள். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பழக்கம் ஓய்வு பெறவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

கோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்ததே தவறுதலாகத்தான். தாங்கள் ஏற்பாடு செய்திருந்தபடி அவை எழுமலையில் சோணைமுத்து என்பவர் தோட்டத்தில் வளர்ந்திருக்க வேண்டும். கோழி வந்து இறங்கும் வாரத்தில் அவர் வீட்டில் கல்யாணம் குதிர்ந்துவிட்டது. கூண்டு போட வேண்டிய இடத்தில் பந்தல் போட்டுவிட்டார். வேறு இடம் தேட நேரமில்லாமல் காவ்யா என்னைப் பார்த்தாள், நான் அவள் அம்மாவைப் பார்த்தேன், அவள் அம்மா சுவரைப் பார்த்தாள். முட்டைகூட வாசலைத் தாண்டி உள்ளே வராத வீடு எங்களுடையது. அலர்மேல்மங்கை அன்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொன்ன எதையும் தமிழில் எழுத எனக்குத் தைரியமில்லை. கடைசியில், "ஆறு வாரம்தானே, புள்ள படிப்புக்காக" என்று மாடிச்சாவியைக் கொடுத்தாள். கம்பிவலை கட்டி நடுவில் தடுப்பு வைத்தோம். இந்தப் பக்கம் நீல வளையம் இருபது, அந்தப் பக்கம் மஞ்சள் வளையம் இருபது. சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பதும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பார்த்தால் எதிரெதிரே போட்ட இரண்டு பந்தி. அங்கேயே எனக்கு ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காவ்யா இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். நீல மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. "அப்பா, நீல வளையத்துக்கு நீல டப்பா, மஞ்சளுக்கு மஞ்சள் டப்பா. தீவனத்துல தெனம் ஒரு கரண்டி கலக்கணும். மாத்திரக் கூடாது" என்றாள். உள்ளே என்ன என்று கேட்டேன். ஒன்றில் ஸ்போர் கலந்த மாவு, இன்னொன்றில் வெறும் அரிசி மாவு, எதில் எது என்று தனக்கே சொல்லமாட்டார்கள், மேடத்துக்கும் அடைத்தவருக்கும்தான் தெரியும் என்றாள். ஸ்போர் என்றால் என்ன என்று பிறகு விவரமாகச் சொன்னாள். மண்ணில் கிடக்கும் ஒரு பாக்டீரியா, காலம் சரியில்லை என்று கண்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடுமாம். அந்தத் தூக்கத்தில் வெயில், வறட்சி, வயிற்றுப் புளிப்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாதாம். கோழியின் குடலுக்குள் போய்த்தான் கண் விழிக்குமாம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று உடம்பின் காவல்காரர்கள் எழுந்து உட்காருவார்களாம். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட்டால், உடம்பு அதை நன்றாகக் கவனித்து ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். நான் கேட்டேன், "மண்டபத்துல எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கையில தாலி கட்டினா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. கெட்டிமேளம் அடிச்சா அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. அந்த மாதிரியா?" காவ்யா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை மேடம்கிட்ட சொல்லணும்ப்பா" என்றாள். சொன்னாளா என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் அலர்மேல்மங்கைக்கு ஒரே கவலை. பாக்டீரியா என்றால் கிருமி, கிருமி என்றால் வீட்டுக்குள் வியாதி. மூன்றாம் நாள் நான் கலக்கும் கரண்டிகளை வாங்கிப்போய்க் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் வைத்திருந்தாள். காவ்யா பார்த்துவிட்டு, "அம்மா, இது நல்ல பாக்டீரியா. அதுவுமில்லாம, ஸ்போர் கொதிக்கிற தண்ணிக்கெல்லாம் சாகாது" என்றாள். அன்று சாயங்காலம் காபி ஆற்றும்போது என் மனைவி, "அப்ப முப்பது வருஷமா நான் எதுக்குப் பாலைக் காய்ச்சுறேன்?" என்று கேட்டாள். மற்ற கிருமிகள் செத்துவிடும் என்று காவ்யா சமாதானம் சொன்னாள். அலர்மேல்மங்கை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

நாற்பதாவது கோழிக்கு வருகிறேன். இரண்டாவது வாரக் கடைசியில் ஆய்வகத்திலிருந்து தடுப்பு மருந்து விட வந்தார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் சின்னக் குப்பி. வெளியே எடுத்தால் சீக்கிரம் விட்டு முடிக்க வேண்டும் என்று அவசரம். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டார்கள். முப்பத்தொன்பது முடிந்தது. கடைசியாக ஒரு நீலக்கால் என் கையிலிருந்து திமிறிக் கைப்பிடிச் சுவரில் ஏறி, அங்கிருந்து அடுத்த வீட்டுப் பந்தலில் விழுந்து, கீழே இறங்கிவிட்டது. அடுத்த வீட்டில் அன்று காதுகுத்து, கிடா விருந்து. நான் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். கோழி மேஜைக்கு அடியில் போனது, நானும் குனிந்தேன். நிமிரும்போது பார்த்தால் கடைசி வரிசையில் ஐந்து இலைக்கு ரசமே வரவில்லை. பரிமாறுகிறவர் பாட்டுக்கு மோரை எடுத்துக்கொண்டு வாரார். எனக்குக் கை நிற்குமா? "அண்ணே, இந்த அஞ்சு இலைக்கு ரசம்" என்று சொல்லி, பிறகு இரண்டாவது பந்தியையும் நின்று விசாரித்து முடித்துவிட்டுத்தான் கோழி ஞாபகமே வந்தது. அதற்குள் கோழியைக் காணோம். மூன்றாவது பந்தியில் என்ன போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். காவ்யா நோட்டில் "ஒன்று தவறிவிட்டது" என்று எழுதிக்கொண்டாள்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். எதில் எது என்று தனக்கே தெரியாது என்று காவ்யா சொன்னாள் அல்லவா, எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. முந்திரிப் பருப்பை மோந்து பார்த்தே போன வருடத்துச் சரக்கு என்று சொல்லுகிறவன் நான். நீல டப்பாவைப் பார்த்தேன், மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி இறுக்கியிருந்தது. மஞ்சள் டப்பாவைப் பார்த்தேன், மூடி சும்மா உட்கார்ந்திருந்தது. சாமான் அறையில் எதைக் கட்டி வைப்பார்கள்? குங்குமப்பூவைக் கட்டி வைப்பார்கள், புளியைக் கட்டி வைப்பார்களா? ஆக, நீலத்தில்தான் ஸ்போர் என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அதன்பிறகு தினமும் காலையில் நீலக்கால்களுக்கு விசேஷமும் மஞ்சள்கால்களுக்கு வெறும் மாவும் என் கையால் போட வேண்டியிருந்தது. நாலு நாள் பொறுத்தேன். மஞ்சள்கால்கள் தடுப்பு வலைக்குள் கழுத்தை விட்டு அந்தப் பக்கத்துத் தட்டைப் பார்க்கும். கோழி எங்கேயும் பார்க்கும் என்று தாங்கள் சொல்லலாம். எனக்கு இலை முன்னால் உட்கார்ந்து பக்கத்து இலையைப் பார்க்கிறவர்கள் முகம்தான் தெரிந்தது. மருந்து விலை கூடுதல், அதனால் பாதிப் பேருக்குத்தான் கொடுக்கக் கட்டுப்படியாகிறது போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்தேன். பண்டம் குறைவு என்றால் அதற்கு வழி எனக்குத் தெரியும். ஐந்தாம் நாளிலிருந்து நீல டப்பாவில் எடுக்கும் ஒரு கரண்டியைச் சரிபாதியாக்கி, பாதியை நீலத்துக்கும் பாதியை மஞ்சளுக்கும் போட்டேன். மஞ்சளுக்கு அதன் சொந்த மாவும் உண்டு. யாருக்கும் சொல்லவில்லை. மனசு அம்புட்டு நிம்மதியாக இருந்தது. ஐந்தரை வாரம் ஒருநாள் விடாமல் செய்தேன். போன வியாழக்கிழமை இறக்கைக்கு அடியில் ரத்தம் எடுத்துப்போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் காவ்யா தங்கள் முன்னால் பேசப்போவதை வீட்டில் எங்கள் முன்னால் ஒத்திகை பார்த்தாள். கணினியில் ஒரு படம் காட்டினாள். உயரமாக ஒரு கட்டம், பக்கத்தில் குட்டையாக ஒரு கட்டம். "ஸ்போர் சாப்பிட்டது உசரமா வரணும், சாப்பிடாதது குட்டையா வரணும். அந்த வித்தியாசம்தான் என் ஆராய்ச்சி" என்றாள். அலர்மேல்மங்கை, "ரெண்டும் உசரமா வந்தா நல்லதுதானேடி" என்று கேட்டாள். நான் கேட்க நினைத்ததும் அதுதான். காவ்யா சிரித்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி வந்தா, ஸ்போரால ஒரு பிரயோசனமும் இல்லேன்னு அர்த்தம்மா. மூணு வருஷம் போச்சு. டிசம்பர்ல ஆய்வேடு கொடுக்க முடியாது, ஜனவரியில ஹைதராபாத் வேலையும் இல்ல" என்றாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். கோழிகள் இரண்டு பக்கமும் ஒரே கொழுகொழுவென்று இருந்தன. அம்மையார் அவர்களே, என் வாழ்நாளில் இரண்டு பந்தியும் சமமாக இருப்பதைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அலர்மேல்மங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள், "மூணு வருஷமா அவ பஸ்ல நின்னுகிட்டே போய்ட்டு வாரா. உங்களுக்குக் கோழிக்கு நியாயம் கேக்குதா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதனால் தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எண்களைப் பார்க்கும் முன்பே இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். ஸ்போர் வேலை செய்யவில்லை என்று எங்கேயும் எழுதிவிட வேண்டாம், அது பாவம் இரண்டு பந்தியிலும் வேலை செய்திருக்கிறது. காவ்யா கவனக்குறைவாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். அவள் "மாத்திரக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவளுக்கு இன்னொரு நாற்பது கோழியும் ஆறு வார அவகாசமும் கொடுங்கள். அந்த ஆறு வாரமும் நான் எழுமலைக்குப் போய் சோணைமுத்து தோட்டத்தில் இருந்துகொள்கிறேன். மாடிச்சாவியை அலர்மேல்மங்கை வைத்திருப்பாள். அவளுக்கு எந்தக் கோழியிடமும் பாசம் கிடையாது, தாராளமாக நம்பலாம்.

தங்கள் ஆய்வகத்தில் விழிக்க வேண்டியவை விழித்தும், தூங்க வேண்டியவை தூங்கியும், தாங்கள் நூறாண்டு நல்ல உடம்போடு வாழ வாழ்த்தும்,

நாகசுப்பிரமணியன்
(பந்தி விசாரணை, ஓய்வு)

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை எழுதுவது. தயவுசெய்து மேலே உள்ள அவ்வளவையும் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தங்கள் ஆய்வக உதவியாளர் சூரியபிரகாஷ் புதிதாக இரண்டு டப்பாக்களோடு வந்தார். காவ்யா குளித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை அவரிடம் நீட்டி, மேடம் கையில் சேர்த்துவிடுங்கள், உங்கள் ஆராய்ச்சியை நான் கெடுத்துவிட்டேன் என்றேன். அந்த மனிதர் ஆடிப்போய் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். "ஐயா, நீல டப்பாவுல எடுத்துத்தான் மஞ்சளுக்குப் போட்டீங்களா? மஞ்சள் டப்பாவுல எடுத்து நீலத்துக்கு எதுவும் போடலையே?" என்று மூன்று தடவை கேட்டார். வெறும் மாவை எதற்குப் போடப்போகிறேன் என்றேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். காதோரம் நரைத்த மனிதர், அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ரெண்டையும் அடைச்சது நான்தான்யா. நீலத்துலதான் மாவு இருக்கு. மாவுல வண்டு விழும், அதான் மூணு சுத்து டேப். ஸ்போருக்கு எதுக்கு டேப்? அது எப்படிக் கிடந்தாலும் கெடாது" என்றார்.

நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் ஐந்தரை வாரம் திருட்டுத்தனமாக மஞ்சளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது அரைக் கரண்டி அரிசி மாவு. மகளின் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் என்பதை மறைப்பானேன். அழுது முடித்த பிறகுதான் மற்றது உறைத்தது. விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்திக்கு, ஒன்றுமில்லாத பந்தியின் இலையிலிருந்து பாதியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடப் பேர் கொண்ட மனிதன்.

மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்தேன், நீலத்துக்கு ஆளுக்குக் கொஞ்சமாவது போட்டுவிடலாம் என்று. சூரியபிரகாஷ் பதறிப்போய், "ஐயா, இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுக்கணும், அதுவரைக்கும் இதே மாதிரிதான் போடணும்" என்றார். அவர் இப்படி உடைத்துச் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும், நான் அழுததால் சொல்லிவிட்டார், அவரைக் கோபிக்க வேண்டாம். விவரம் தெரிந்தவன் தீவனம் போடக் கூடாது என்றால் வேறு ஆள் அனுப்புங்கள். காவ்யாவிடம் நான் எதையும் சொல்லமாட்டேன். இரண்டாவது ரத்தம் எடுத்த மறுநாள் நீலத்துக்கு முதலில் பரிமாறத் தங்கள் அனுமதி வேண்டும்.

இன்று ஏழரை மணித் தீவனத்தை நானே போட்டேன். காவ்யா ஈரத் தலையோடு பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சளுக்கு மஞ்சள் டப்பாவில் ஒரு கரண்டி. நீலத்துக்கு நீல டப்பாவில் ஒரு கரண்டி, குறைக்காமல். பத்தொன்பதும் தட்டைச் சுற்றி வந்து நின்றன. எல்லாம் தெரிந்தே, முதன்முறையாக, ஒரு பந்திக்கு இல்லை என்றேன். அதில் ஒன்று என் புறங்கையில் நன்றாகக் கொத்தியது. காவ்யா மருந்து போட வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.